டூசன்பர்க் மாடல் ஜே

டூசன்பர்க் மாடல் ஜே என்பது ஐக்கிய அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிஸில் இயங்கிய டூசன்பர்க் நிறுவனம் தயாரித்த உயர்திறன் சொகுசுத் தானுந்து ஆகும். 1928 டிசம்பர் 1 அன்று நியூ யார்க் தானுந்துக் கண்காட்சியில் இது அறிமுகப்படுத்தப்பட்டது. 1937 இல் நிறுவனம் மூடப்படும் வரை ஏறத்தாழ 480 தானுந்துகளே செய்யப்பட்டன. பந்தயத் தானுந்துகளுக்கென உருவான பொறியியல், செல்வந்தர்களின் சொகுசு வண்டிக்குள் வந்து சேர்ந்ததே இதன் தனிச்சிறப்பு.

தோற்றப் பின்னணி

ஃபிரெட் டூசன்பர்க் (1876–1932), ஆகஸ்ட் டூசன்பர்க் (1879–1955) ஆகிய சகோதரர்கள் ஜெர்மனியின் லிப்பே பகுதியில் பிறந்தவர்கள். 1880களில் குடும்பத்துடன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குடியேறினர். மிதிவண்டி செய்வதில் தொடங்கிய ஃபிரெட், பின்னர் தானுந்து வடிவமைப்பில் ஈடுபட்டார். 1913 இல் சகோதரர்கள் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் உந்துபொறித் தொழிலகம் ஒன்றை நிறுவினர். முதலாம் உலகப் போர்க்காலத்தில் நியூ ஜெர்சியில் போர்த் தேவைகளுக்கான உந்துபொறிகளைத் தயாரித்தனர். 1920 இல் இண்டியானாபொலிஸுக்கு இடம் பெயர்ந்தனர்.

1921 இல் லெ மான் நகரில் நடைபெற்ற பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி ஓட்டிய டூசன்பர்க் தானுந்து வெற்றி பெற்றது. ஐரோப்பிய கிராண்ட் பிரீ ஒன்றில் அமெரிக்கத் தானுந்து பெற்ற முதல் வெற்றி இதுவாகும். இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் 1924, 1925, 1927 ஆகிய ஆண்டுகளில் டூசன்பர்க் தானுந்துகள் முதலிடம் பெற்றன.

மாடல் ஏ

சகோதரர்கள் பொதுமக்களுக்காக முதலில் விற்றது 1921 இல் வெளிவந்த மாடல் ஏ ஆகும். இதில் எட்டு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்திருந்தன. நான்கு சக்கரங்களிலும் நீர்ம அழுத்தத் தடை (ஹைட்ராலிக் பிரேக்) பொருத்தப்பட்ட முதல் அமெரிக்க விற்பனைத் தானுந்து இதுவே. அக்காலத்தில் வழக்கிலிருந்த கம்பித் தடைகள் ஒவ்வொரு சக்கரத்தையும் வெவ்வேறு அளவில் பிடித்ததால் வண்டி பக்கவாட்டில் இழுபடக்கூடும். குழாயில் அடைக்கப்பட்ட நீர்மம் எல்லாத் திசையிலும் அழுத்தத்தைச் சமமாகக் கடத்துவதால் இக்குறை நீங்கியது.

பொறியியலில் சிறந்திருந்தும் மாடல் ஏ வணிகத்தில் வெற்றி பெறவில்லை. காட்சிக்கு வைக்கப்பட்ட பின்னரும் உந்துபொறியின் வடிவம் மாற்றப்பட்டதால் விற்பனை தாமதமானது. அதன் தோற்றமும் விலைக்கேற்ற கவர்ச்சியுடன் இல்லை. நிறுவனம் கடனில் மூழ்கியது.

எர்ரட் கார்டின் வருகை

ஆபர்ன் தானுந்து நிறுவனத்தின் தலைவரான எர்ரட் லோபன் கார்டு (1894–1974) 1926 இல் டூசன்பர்க் நிறுவனத்தை வாங்கினார். கார்டு பொறியாளர் அல்லர், விற்பனையில் தேர்ந்தவர். விற்காமல் தேங்கிக் கிடந்த ஆபர்ன் தானுந்துகளுக்குக் கண்கவர் வண்ணம் பூசி விற்று அந்நிறுவனத்தை மீட்டவர். உலகின் தலைசிறந்த தானுந்தை வடிவமைக்கும் பொறுப்பை அவர் ஃபிரெட்டிடம் ஒப்படைத்தார். சகோதரர்களிடம் இல்லாத முதலீடும் விற்பனைத் திறனும் இவ்வாறு கிடைத்தன. ஆனால் தங்கள் பெயர் தாங்கிய நிறுவனம் அவர்களது உடைமையாக இல்லாமற் போனது.

அமைப்பு

மாடல் ஜேயின் 6.9 லிட்டர் உந்துபொறி, கார்டின் கட்டுப்பாட்டிலிருந்த லைகமிங் நிறுவனத்தால் பென்சில்வேனியாவில் தயாரிக்கப்பட்டது. வரிசையாக அமைந்த எட்டு உருளைகளில் ஒவ்வொன்றிற்கும் நான்கு வால்வுகள் இருந்தன. அவற்றைத் திறந்து மூடும் இரு நெம்புருள் தண்டுகளும் உருளைகளுக்கு மேலேயே அமைந்தன. எரிகலவை விரைவாக உட்புகவும் எரிந்த வளிமம் விரைவாக வெளியேறவும் இவ்வமைப்பு உதவியது. அக்காலத்தில் இது பெரும்பாலும் பந்தயப் பொறிகளிலேயே காணப்பட்டது. நிறுவனம் அறிவித்த திறன் 265 குதிரைத்திறன். அன்றைய பிற அமெரிக்கச் சொகுசுத் தானுந்துகளின் திறனைப்போல் இது இருமடங்குக்கும் மேலாகும்.

நிறுவனம் அடிச்சட்டத்தையும் உந்துபொறியையும் மட்டுமே விற்றது. தொடக்க விலை 8,500 டாலர். மேற்கூட்டை மர்ஃபி, ரோல்ஸ்டன், டெர்ஹாம் முதலிய கூடு கட்டும் நிறுவனங்கள் வாங்குபவரின் விருப்பப்படி அமைத்தன. முழுமையடைந்த வண்டியின் விலை பெரும்பாலும் 13,000 டாலருக்கும் மேலானது. அதே காலத்தில் ஃபோர்டு மாடல் ஏ தானுந்தை ஏறத்தாழ 500 டாலருக்கு வாங்க முடிந்தது.

பொருளாதாரப் பெருமந்தம்

ஆண்டுக்கு 500 தானுந்துகளை விற்பதே தொடக்க இலக்கு. ஆனால் 1929 அக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்தபோது சுமார் 200 மட்டுமே செய்யப்பட்டிருந்தன. அதன் பின்னர் விற்பனை மேலும் சுருங்கியது.

1932 இல் எஸ்ஜே என்னும் வகை வெளிவந்தது. உருளைகளுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் மிகையூட்டியின் உதவியால் இதன் திறன் 320 குதிரைத்திறனாக உயர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் பென்சில்வேனியாவில் எஸ்ஜே ஒன்றை ஓட்டிச் சென்ற ஃபிரெட் விபத்தில் காயமுற்றார். பின்னர் நுரையீரல் அழற்சியால் ஜூலை 26 அன்று காலமானார். 1935 இல் ஏப் ஜென்கின்ஸ், பானவில் உப்புச் சமவெளியில் சிறப்பு எஸ்ஜே ஒன்றை 24 மணி நேரம் சராசரியாக மணிக்கு 218 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்தார். 1937 இல் கார்டு தம் பங்குகளை விற்று விலகினார். டூசன்பர்க் உற்பத்தியும் முடிவுற்றது.

உரிமையாளர்களும் பிற்கால மதிப்பும்

இந்தோர் மன்னர் இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் எஸ்ஜே ஒன்றை வாங்கினார். அதன் மேற்கூட்டை லண்டனின் கர்னி நட்டிங் நிறுவனம் கட்டியது. எஸ்எஸ்ஜே எனப்படும் குறுகிய அடிச்சட்ட வகையில் இரண்டு மட்டுமே செய்யப்பட்டன. அவற்றைத் திரைப்பட நடிகர்களான கேரி கூப்பரும் கிளார்க் கேபிளும் பயன்படுத்தினர். கூப்பருடைய வண்டி 2018 இல் 2.2 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஏலத்தில் அமெரிக்கத் தானுந்து ஒன்று அதுவரை பெற்றிருந்த விலைகளில் இதுவே மிக உயர்ந்தது. இண்டியானாவின் ஆபர்ன் நகரில், கார்டின் ஆபர்ன் நிறுவனத் தலைமையகமாக இருந்த கட்டடத்தில் 1974 முதல் ஆபர்ன் கார்டு டூசன்பர்க் தானுந்து அருங்காட்சியகம் இயங்கி வருகிறது.