குற்றாலச் சாரலில் உயர்கல்வி: அறநிலையக் கல்லூரியும் முதியோர் பட்டக் கல்வியும்

சமய நிறுவனங்கள் கல்வி வளர்த்தமை தமிழகத்திற்குப் புதிதன்று. எனினும், இளமையிற் கல்லூரி புக இயலாது பணியிலும் இல்லறத்திலும் அமைந்தோர் பின்னர்ப் பட்டம் பெறுதற்கு அவை எவ்வளவு துணைநின்றன என்பது தனியே ஆராய்தற்குரியது. தென்காசி, குற்றாலப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

இப்பகுதியின் புலமை மரபு தொன்மையானது. தென்காசிப் பாண்டியருள் அதிவீரராமர் நைடதம் இயற்றிய புலவர். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிற் குற்றாலக் குறவஞ்சி பாடி, நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதரிடம் நிலக்கொடை பெற்றார். அந்நிலம் குறவஞ்சிமேடு என வழங்கிற்று. ஆயின், இவை புலவரைப் புரந்த வரலாறேயன்றிப் பலரும் கற்ற வரலாறாகா.

பலர்க்கும் உரிய கல்லூரிக் கல்வியைத் திருநெல்வேலிச் சீமையில் முதற்கண் பரப்பியோர் கிறித்தவத் திருச்சபையினர். பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி 1878இலும், சாராள் தக்கர் மகளிர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தோன்றின. தென்காசிக்கும் அந்நகர்க்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மகளிர்க்கு இத்தொலைவே பெருந்தடையாயிற்று. 1964இல் திருக்குற்றாலநாதர் கோயிலைச் சார்ந்து, இந்து சமய அறநிலையத் துறையின் ஆட்சியில், ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி குற்றாலத்தில் நிறுவப்பெற்றது. அதன் பெயர் அக்கோயிலின் பராசக்தி பீடத்தை நினைவூட்டுவது. கோயிற் செல்வம் மகளிர் கல்விக்குப் பயன்பட்டமை இப்பகுதி வரலாற்றில் ஒரு திருப்பமெனக் கொள்ளலாம்.

ஆயினும், பகற் கல்லூரி நாள்தோறும் வருகையை வேண்டுவது. பள்ளியாசிரியர்க்கும், குழந்தை பெற்ற தாய்க்கும், அலுவலக எழுத்தர்க்கும் அது வாய்ப்பதன்று. இன்னோர்க்கு முன்னரே திறந்திருந்த வழி தனித்தேர்வு. டாக்டர் மு. வரதராசனார் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. அவர் தாமே பயின்று 1935இல் வித்துவான் தேர்வில் முதன்மையுற்றார். திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசையும் பெற்றார். பள்ளியாசிரியராயிருந்தே 1939இல் பி.ஓ.எல். பட்டம் எய்தினார். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. தகுதியை நல்கியது பல்கலைக் கழகத் தேர்வு. ஊக்கம் நல்கியது மடத்தின் கொடை. முதியோர் கல்வியிற் சமய நிறுவனத்தின் பங்கு, வகுப்பறை அளவில் நில்லாது பரிசாகவும் அமைந்ததென்பது இதனாற் பெறப்படும்.

தனித்தேர்வர்க்குப் பாடத்துணை இல்லாமை பெருங்குறை. அதனை நீக்க எழுந்தது அஞ்சல்வழிக் கல்வி. இலண்டன் பல்கலைக் கழகம் 1858 முதலே புறநிலை மாணவர்க்குப் பட்டம் வழங்கிற்று. இந்தியாவில் தில்லிப் பல்கலைக் கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக் கழகம் 1971இல் இதனை மேற்கொண்டது. அவ்வாண்டே மு.வ. அதன் துணைவேந்தரானார். இத்திட்டத்தை ஒருவர் செயலாகக் கூறுதல் மிகையாம். எனினும், தனித்துப் பயின்று உயர்ந்தவர் ஒருவர் அதன் தொடக்க ஆண்டுகளில் தலைமை தாங்கியமை பொருத்தமுடைத்தே. திருநெல்வேலி மாவட்டம் அந்நாளில் அப்பல்கலைக் கழக எல்லையுட்பட்டிருந்தது. ஆகலின், தென்காசியில் இருந்தவாறே பட்டம் பயிலுதல் கைகூடிற்று.

கல்விக்குப் பட்டம் எதற்கு என வினவுவாரும் உளர். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டி, பட்டம் கருதாது இலக்கியம் நுகர்ந்த அவையன்றோ எனலாம். உண்மையே. ஆயின், இரசிகமணி சட்டப் பட்டம் பெற்றவர். அறநிலைய ஆணையராகவும் இருந்தவர். பதவியுயர்வுக்குப் பட்டச் சான்றையே நம்பியிருந்த தொடக்கப்பள்ளி ஆசிரியரின் நிலை வேறு. அவர்க்குப் பட்டம் அணியன்று, வாழ்க்கைப் பிடிப்பு.

இதுகாறும் கூறியவற்றால், கோயிற் கல்லூரி இளமகளிர்க்கு இடந்தந்தது என்பதும், தேர்வும் அஞ்சலும் முதியோர்க்கு வழிதந்தன என்பதும் போதரும். கல்லூரி மாணவியின் பெயர் வருகைப் பதிவேட்டிலும் ஆண்டு மலரிலும் நிற்கும். அஞ்சல்வழிப் பயின்றார்க்கோ தேர்வு முடிவுப் பட்டியலன்றிப் பிற சுவடில்லை. 2019இல் தனி மாவட்டமான தென்காசியின் கல்வி வரலாற்றைக் கல்லூரி ஆவணங்களை மட்டும் கொண்டு எழுதுவோமாயின், இவர்கள் அதில் இடம்பெறார். 1971இல் முப்பது வயதிற் சேர்ந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர். அவர்தம் பாடக் குறிப்புகளையும் வாய்மொழியையும் இப்பொழுதே தொகுத்தல் தமிழ்த் துறைகளின் கடனென யாம் கருதுகின்றோம்.