சுத்தாத்தென்சாவின் கடிதக் கட்டுகள்

கொலம்பியாவின் கிழக்கு ஆண்டீஸ் மலைத்தொடரில், போயாக்கா மாநிலத்தில், ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சுத்தாத்தென்சா. கூடை முடைவதற்குப் பேர்போன தென்சா பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் அதுவும் ஒன்று. 1947 அக்டோபர் 16 அன்று அங்கிருந்து ஒரு வானொலி நிகழ்ச்சி காற்றில் போனது. உள்ளூர் உழவர்களே வழங்கிய இசை அது. சில ஆண்டுகளில் நாடு முழுக்கக் கேட்கப்போகும் 'ரேடியோ சுத்தாத்தென்சா'வின் தொடக்கமாக அந்த நாளையே வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. நான் தேடப் புறப்பட்டது அந்த ஒரு நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை.

முதல் ஐயம் தேதியிலேயே வந்தது. நிலையத்தைத் தொடங்கிய ஹோசே ஹோவாக்கின் சல்செதோ, 1921-இல் பிறந்தவர். துணைப் பங்குத்தந்தையாக அந்த ஊருக்கு வந்ததே 1947 ஆகஸ்டில்தான். சாலை வசதிகூடச் சரியாக இல்லாத மலையூரில், இரண்டு மாதத்துக்குள் ஒரு வானொலி நிலையம் எப்படி எழும்பும்? கட்டடம், உரிமம், பொறியாளர் என்று கணக்குப் போட்டால் தேதி நம்பும்படியாக இல்லை. ஆனால் சல்செதோவைப் பற்றிய இன்னொரு தகவலைச் சேர்த்துப் பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது. அவருக்குத் திரைப்படக் கருவியிலும் அமெச்சூர் வானொலியிலும் பித்து. ஊர் மக்களுக்குப் படம் போட்டுக் காட்டியவர். ஆளுக்கொரு கோழி கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, விற்று, அரங்கம் கட்டப் பணம் சேர்த்தவர். அன்று பேசியதும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு சிறு கருவிதான். நாம் இன்று 'நிலையம்' என்ற சொல்லால் கற்பனை செய்யும் எதுவும் அங்கே இல்லை. அப்படியென்றால் தேதி நிற்கிறது.

ஆனால் அதே தகவல் என் தேடலின் காலை வாரியது. காந்த நாடாவில் பதியும் ஆம்பெக்ஸ் கருவிகள் அமெரிக்க வானொலிகளுக்கே 1948-இல்தான் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்பும் தட்டில் வெட்டிப் பதிவது, கம்பியில் பதிவது ஆகிய முறைகள் இருந்தன என்பது உண்மை. இருந்தாலும், கோழி விற்றுக் காசு சேர்த்த ஒரு துணைப் பங்குத்தந்தை, நூறு உழவர்கள்கூடக் கேட்டிருக்க முடியாத ஒரு சோதனை நிகழ்ச்சியை அவ்வளவு செலவில் பதிந்து வைத்திருப்பார் என்று நம்ப இடமில்லை. அந்த இசை பாடியவர்களோடு முடிந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு சான்றையும் சொல்ல வேண்டும். 1953 ஏப்ரல் 11 அன்று போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், காற்றின் வழியே எழுதப் படிக்கச் சொல்லித்தந்த சுத்தாத்தென்சா வானொலிப் பள்ளிகளின் உழவர்களுக்கென்றே ஒரு வானொலிச் செய்தி விடுத்தார். அந்த உரை வத்திக்கானில் எழுத்தில் பத்திரமாக இருக்கிறது. உழவர்கள் கேட்டவற்றுள் சொல்லுக்குச் சொல் நமக்குக் கிடைப்பது ரோமிலிருந்து வந்த குரல். உழவர்களின் சொந்தப் பாட்டுக்கு ஒரு வரிக் குறிப்புதான் மிச்சம். ஆவணக் காப்பகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாய்கின்றன.

சல்செதோ கட்டியெழுப்பிய அமைப்பின் பெயர் 'அக்சியோன் குல்துரால் பொப்புலார்'. மக்கள் பண்பாட்டுச் செயல்பாடு என்று சொல்லலாம், சுருக்கமாக அக்போ. அதன் ஆவணங்கள் 2008-இல் பொகோட்டாவின் லூயிஸ் ஆன்ஹெல் அராங்கோ நூலகத்துக்கு வந்தன. அந்த நூலகம் கொலம்பிய மத்திய வங்கியின் பொறுப்பில் இயங்குவது. 2013-இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' திட்டத்தின் லத்தீன் அமெரிக்கப் பதிவேட்டில் இந்தத் தொகுப்பு சேர்ந்தது. ஒலிநாடாக்கள் அதில் உண்டு. ஆனால் அவற்றைச் சுற்றிக் குவிந்திருக்கும் காகிதத்தின் அளவுதான் திகைக்க வைப்பது: கடிதங்கள், பாடநூல்கள், நிழற்படங்கள், செய்தித்தாள். கேட்கப் போன என்னை இது வாசிக்க உட்கார்த்தியது.

அக்போ தன் பணியைப் பற்றி விட்டுச்சென்ற எண்களை முதலில் சோதித்தேன். ஒலிபரப்பிய நேரம் ஏறக்குறைய 15 லட்சம் மணி என்று ஒரு கணக்கு பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. 1947 முதல் 1989 வரை 42 ஆண்டுகள். ஒரு நிமிடம்கூட ஓயாமல் இரவும் பகலும் பேசியிருந்தாலும் 3,68,000 மணி நேரம்தான் ஆகும். அப்படியானால் இந்த எண் பொய்யா? அவசரப்பட வேண்டாம். பின்னாளில் அக்போவுக்குப் பல நகரங்களில் ஒலிபரப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றின் நேரத்தையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் 15 லட்சம் வந்துவிடும். எண் சரியாக இருக்கலாம். ஆனால் அது கேட்ட நேரத்தின் அளவல்ல, கருவிகள் ஓடிய நேரத்தின் அளவு. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

இன்னொரு எண் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியது. அக்போ நடத்திய 'எல் கம்பெசினோ' (உழவர்) வார இதழ் 1958-இல் தொடங்கி 1990-இல் நின்றது. மொத்தம் 1,635 இதழ்கள் என்கிறது கணக்கு. ஆண்டுக்கு 52 வாரம் என்று வகுத்தால் முப்பத்தொன்றரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. கச்சிதமாகப் பொருந்துகிறது. இதழ்களை எண்ணிய கைதான் கடிதங்களையும் எண்ணியது என்பதால், மூன்றாவது எண்ணை நான் கூடுதல் மரியாதையோடு பார்க்கிறேன்: அக்போ கையாண்ட கடிதங்கள் 12,29,552. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கும் பரப்பினால் நாளொன்றுக்கு 80. அதுவும் எழுத்தறியாத உழவர்களுக்காகத் தொடங்கிய வானொலிக்கு!

இந்த இடத்தில் வானொலிப் பள்ளி எப்படி நடந்தது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 'வெரெதா' என்பது ஊராட்சிக்கு உட்பட்ட மலைக் குடியிருப்புப் பகுதி. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். மாலையில் ஏதாவது ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். பலகையின் மீது பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி, சுவரில் கரும்பலகை, கையில் 'கார்த்தியா' எனப்படும் படங்கள் நிறைந்த பாடநூல். ஆசிரியர் தொலைவில் ஒலிவாங்கியின் முன் இருப்பார். வீட்டில் அவருக்குக் கையாக இருப்பவர் 'ஔக்சிலியார் இன்மெதியாத்தோ', அதாவது உடனிருக்கும் உதவியாளர். ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த உழவரோ, அவர் மகளோ அந்த இடத்தில் இருப்பார். வானொலி சொல்லும் எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதும், யாருடைய விரல் தடுமாறுகிறது என்று பார்ப்பதும் அவர் வேலை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு ஒலிநாடா பற்றிய என் ஏக்கம் குறைந்துவிட்டது. ஒரு பாடத்தின் நாடா முழுசாகக் கிடைத்தாலும் அதில் இருப்பது பாதிப் பாடமே. மறுபாதி சுண்ணக்கட்டியில் எழுதி அழிக்கப்பட்டது. அந்தப் பாதி எங்காவது தடம் விட்டிருந்தால் அது கடிதங்களில்தான் இருக்க முடியும்.

எழுதக் கற்றவர் எழுதிய முதல் கடிதம், எழுதக் கற்றார் என்பதற்கான ஆதாரமும்கூட. தரையில் மூன்று கல் வைத்துச் சமைத்த இடத்தில் இடுப்பளவு உயரத்தில் அடுப்பு மேடை கட்டுவது, கழிப்பறை தோண்டுவது, மரம் நடுவது என்று வானொலி சொல்லிக்கொடுத்தவை எல்லாம் இந்தக் கடிதப் போக்குவரத்தின் பொருள்கள். கேட்டது வீட்டுக்குள் என்ன ஆயிற்று என்பது வேறெந்த ஆவணத்திலும் இவ்வளவு நெருக்கமாகத் தெரியாது.

ஆனால் கடிதத்தை அப்படியே நம்பலாமா? நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு எழுதுகிறவர் குறை சொல்லத் தயங்குவார். அதுவும் பெறுகிறவர் பாதிரியார் என்றால் இன்னும் தயங்குவார். போதாததற்கு, தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட பெட்டிகள் ஒரே அலைவரிசையை மட்டும் பிடிக்கும்படி அமைக்கப்பட்டவை. வேறு நிலையம் கேட்காதபடி திருச்சபை போட்ட பூட்டு என்று இதைச் சொல்வோர் உண்டு. பேட்டரி தீராமல் இருக்கவும் விலையைக் குறைக்கவும் செய்த ஏற்பாடு என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பதற்குத் தடையில்லை. எப்படியானாலும், வேறெதையும் கேட்க முடியாதவரின் பாராட்டைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மலிவான டிரான்சிஸ்டர்கள் வந்த பிறகும் தொடர்ந்து எழுதியவர்களின் கடிதங்களுக்கு என் தராசில் எடை அதிகம்.

வெளியிலிருந்து வந்த சாட்சியம் ஒன்று உண்டு. 1961-இல் 'சுத்தாத்தென்சா வானொலிப் பள்ளிகள்' பற்றி ஒரு சமூகவியல் மதிப்பீட்டு நூல் வெளியானது. எழுதியவர்கள் கமிலோ தோர்ரெஸ், பெர்த்தா கொர்ரெதோர். கமிலோவும் பாதிரியார்தான், லுவேனில் சமூகவியல் படித்து வந்தவர். பிறகு கெரில்லாப் படையில் சேர்ந்து 1966 பிப்ரவரியில் சண்டையில் இறந்த அதே கமிலோ. இந்தப் பெயரைப் பார்த்ததும் நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் வரப்போகும் புரட்சியின் சாயலைத் தேடும் ஆசை எழுகிறது. அதை அடக்கிக்கொள்வது நல்லது. 1961-இல் அவர் ஒரு கல்வித் திட்டத்தின் விளைவுகளை அளக்க முயன்ற ஆய்வாளர். ஐந்து ஆண்டு கழித்து நடந்ததை அந்த நூலுக்குள் திணிப்பது சான்றுக்குச் செய்யும் துரோகம்.

பாடநூல்கள் இன்னொரு விதத்தில் கைகொடுக்கின்றன. ஒலிபரப்பும் கார்த்தியாவும் கைகோத்தே சென்றதால், ஒரு பொருள் நூலின் எந்தப் பதிப்பில் நுழைகிறது என்று பார்த்தால் அது காற்றில் ஏறிய காலத்தை ஏறக்குறையக் கணிக்கலாம். 'பொறுப்புள்ள மகப்பேறு' என்ற இயக்கம் அப்படி ஒன்று. எத்தனை பிள்ளை பெறுவது என்பதைப் பெற்றோர் எண்ணிப்பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது அக்போ. 1968 ஜூலையில் போப்பாண்டவர் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை மறுத்துச் சுற்றுமடல் வெளியிட்டார். அடுத்த மாதமே கொலம்பியாவுக்கு நேரில் வந்தார். இந்த வேளையில் ஒரு கத்தோலிக்க வானொலி இப்படிப் பேசியது ஆயர்களோடு உரசலைக் கொண்டுவந்ததில் வியப்பில்லை. 'பாதிரிமாரின் ஊதுகுழல்' என்று நிலையத்தை ஒரே வரியில் தீர்த்துவிடுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டாதவர்கள்.

கடன் முற்றி, 1989-இல் நிலையம் கராக்கோல் என்ற வணிக வானொலி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உழவர் கடிதங்களால் வணிக வானொலிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அக்போவிடம் தங்கியவை 19 ஆண்டுகள் கழித்து நூலகத்துக்கு வந்தன.

இப்போது என் தேடல் கையெழுத்துகளுக்கு மாறியிருக்கிறது. எழுதத் தெரியாதவருக்காக உதவியாளர் எழுதிக்கொடுத்திருந்தால், ஒரே வெரெதாவிலிருந்து வெவ்வேறு பெயர்களில், ஒரே கையெழுத்தில் கடிதங்கள் வந்திருக்கும். அவற்றை உதவியாளரின் குரலாகத்தான் கொள்ள வேண்டும். அதே பெயரில் பிறகு வரும் கடிதத்தில் எழுத்து கோணலாகி, வரி மேலும் கீழும் ஓடினால், அந்த மாதத்தில் அவர் பேனாவைத் தானே வாங்கிக்கொண்டார் என்று தேதியோடு குறித்துவிடலாம்.