ஒரு ருபியாவுக்கு ஒரு டீ

2013 ஆகஸ்ட் கடைசி வாரம். ப்ராஜெக்ட் விஷயமாக பஹ்ரைனில் ஆறு மாத வாசம். மனாமாவில் நான் தங்கியிருந்த தெருமுனையில் ஒரு மலையாளி டீக்கடை. பேப்பர் கப்பில் டீ 100 பில்ஸ். ஆயிரம் பில்ஸ் சேர்ந்தால் ஒரு தினார். ஒரு நாள் சாயங்காலம் எனக்கு முன்னால் நின்ற வயதான பஹ்ரைனி ஒருவர் டீயை வாங்கிக்கொண்டு "கம்?" என்று கேட்டார். கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல் சொன்ன பதில், "ருபியா".

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம். கடைக்காரரிடமே கேட்டேன். "இவிடெ நூறு பில்ஸுக்கு அதான் பேரு" என்றார். வேறு விளக்கம் எதுவும் அவரிடம் இல்லை.

வாரத்தின் நடுவில், புதன்கிழமை, டாலர் 68 ரூபாயைத் தாண்டிப் போயிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் தினாருக்கு 145 ரூபாய்கூட இல்லை. அன்றைக்கு 183 வரை. எக்ஸ்சேஞ்ச் கடைகளில் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. ஆக, அந்த "ஒரு ருபியா" டீயின் விலை நம்ம ரூபாயில் பதினெட்டு. ஒரு ரூபாய் எப்படி பதினெட்டு ரூபாய் ஆகும்? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. ஊருக்குத் திரும்பியபிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்தப் பதிவு அதன் விளைவு.

பதில் சுருக்கமாக இதுதான்: அந்த ருபியா நம்ம ரூபாயேதான். 1966-க்கு முந்தைய ரூபாய்.

வளைகுடாவின் சிற்றரசுகளில் பிரிட்டிஷ் அதிகாரம் நேரடியாக லண்டனிலிருந்து போகவில்லை, இந்திய அரசு வழியாகப் போனது. 1947 வரை அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்திய நிர்வாகத்தின் கீழ்தான். பஹ்ரைனில் கடிதம் போட்டால் ஒட்டுவது இந்தியத் தபால்தலை, அதன் மேல் 'பஹ்ரைன்' என்று ஒரு அச்சு. முத்து விற்றால் பம்பாய்ச் சந்தையில், அரிசியும் துணியும் வருவது பம்பாயிலிருந்து. அப்புறம் ரூபாயைத் தவிர வேறு எது புழங்கும்? குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், அபுதாபி, மஸ்கட் எல்லா இடத்திலும் கடைத்தெருக் காசு ரூபாய்தான். ஓமானில் இன்றும் சில்லறைக்குப் பெயர் 'பைசா'. இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. வேறொரு நாட்டின் பணத்தில் தங்கள் தினசரி வாழ்க்கையை நடத்திக்கொண்டு போனார்கள். அந்தப் பணத்தின் கடிவாளம் டெல்லியில்.

முதலில் சிக்கல் வந்தது டெல்லிக்குத்தான், தங்கம் வழியாக. உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 35 டாலர். அப்போதைய கணக்கில் ஒரு தோலா தங்கம் சுமார் 62 ரூபாய் வரும். தடையிருந்த இந்தியாவில் அதே தோலா 100 ரூபாய்க்கு மேல். இந்த வித்தியாசம் போதாதா? பம்பாயிலிருந்து ரூபாய் நோட்டுக் கட்டு தோணியில் வளைகுடாவுக்குப் போகும், தங்க பிஸ்கட் திரும்பி வரும். வளைகுடா வங்கிகள் அந்த நோட்டுகளை மூட்டை கட்டி ரிசர்வ் வங்கிக்கு அனுப்பி "பவுண்டு கொடு" என்று கேட்கும். கொடுத்தாகவேண்டும். 1957, 58-இல் அந்நியச் செலாவணிக்கே திண்டாட்டமாக இருந்த நாடு இது. கள்ளக்கடத்தல் தங்கத்துக்கு அரசே பவுண்டில் பட்டுவாடா செய்த மாதிரி ஆகிப்போனது.

1959-இல் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, இந்தியாவுக்கு வெளியே மட்டும் செல்லும் தனி நோட்டு. அதே வடிவம், அதே அசோகத் தூண், அதே கவர்னர் எச்.வி.ஆர். அய்யங்கார் கையெழுத்து. நிறம் மட்டும் வேறு: பத்து ரூபாய் சிவப்பு, நூறு ரூபாய் பச்சை. எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து. ஹஜ் பயணிகளுக்கும் தனியாக நோட்டு அடித்தார்கள், அதில் 'எச்ஏ'. புரோக்ராமர் பாஷையில் சொன்னால், ஒரே கரன்சியை 'ஃபோர்க்' பண்ணியாயிற்று. ஆனால் முழுசாகப் பிரிக்கவில்லை. வளைகுடா ரூபாயும் இந்திய ரூபாயும் சம மதிப்பு என்ற கட்டு அப்படியே இருந்தது. பின்னால் வந்த வினையெல்லாம் இந்தக் கட்டினால்தான்.

குவைத் முதலில் கழன்றது. 1961 ஏப்ரலில் தினார் வந்தது. மதிப்பு ஒரு பவுண்டு, அதாவது பதின்மூன்றே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அடுத்து பஹ்ரைன், 1965 அக்டோபரில். அவர்கள் கணக்கைச் சுலபமாக வைத்துக்கொண்டார்கள்: பத்து ரூபாய்க்கு ஒரு தினார். ஆயிரம் பில்ஸைப் பத்தால் வகுத்துப் பாருங்கள். டீக்கடைக்காரர் சொன்ன ருபியா அதுதான். நோட்டு மாறி ஐம்பது வருஷம் ஆகியும் மக்கள் வாயில் பழைய பெயர். நாம்கூட 'நாலணா' என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தோமே.

பஹ்ரைன் மாறி எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1966 ஜூன் 5 இரவு நிதியமைச்சர் சச்சின் சௌத்ரி அறிவிக்கிறார்: மறுநாள் முதல் டாலருக்கு 4.76 ரூபாய் அல்ல, 7.50. இதை நாணய மதிப்புக் குறைப்பு என்பார்கள். 2016-க்குப் பிறகு நம் காதில் ஒலிக்கும் 'பணமதிப்பிழப்பு' வேறு சமாச்சாரம், குழப்பிக்கொள்ள வேண்டாம். காரணங்கள் தனிப் பதிவு அளவுக்கு இருக்கின்றன: 65 போர், வறட்சி, நின்றுபோன அமெரிக்க உதவி, உலக வங்கி நெருக்கடி. இந்த முடிவில் தமிழ்நாட்டுத் தலைகள் இரண்டு பக்கமும் நின்றன என்பது பலருக்குத் தெரியாது. சி.சுப்பிரமணியம் ஆதரவு. முந்தைய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி இதைக் கடைசிவரை எதிர்த்தவர். காங்கிரஸ் தலைவர் காமராஜரோ தன்னைக் கலக்காமல் செய்துவிட்டார்கள் என்று கடும் கோபம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பத்திரிகைகளில் இதை 36.5 சதவீதம் குறைப்பு என்று எழுதுவார்கள், சில இடத்தில் 57.5 சதவீதம் என்றும் இருக்கும். இரண்டும் சரி. ரூபாயை வைத்து டாலர் வாங்குகிறவனுக்கு 36.5 சதவீதம் குறைவாகக் கிடைக்கும். டாலரை வைத்து ரூபாய் வாங்குகிறவனுக்கு 57.5 சதவீதம் அதிகமாகக் கிடைக்கும். கவுண்டருக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அன்றைக்கு யார் யார் எங்கே நின்றார்கள்?

பஹ்ரைனில் வேலை பார்த்த ஒரு இந்திய குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். மாதம் 300 ரூபாய் சம்பளம் 30 தினார் ஆகியிருக்கும். அதில் 20 தினார் வீட்டுக்கு அனுப்பினால் மே மாதம் வரை 200 ரூபாய் போய்ச் சேரும். ஜூனில் அதே 20 தினாருக்கு 315 ரூபாய். ஒரு மணி நேரம்கூட அதிகமாக உழைக்கவில்லை. பஹ்ரைன் கடைத்தெருவில் அவர் வாங்கும் ரொட்டியும் மீனும் ஒரு பில்ஸ்கூட ஏறவில்லை. ஆனால் ஊரில் இரண்டு வருடமாக மழை பொய்த்து அரிசிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வருடத் தேர்தலில் ரூபாய்க்கு மூணு படி அரிசி என்ற பேச்சுதான் ஆட்சியையே மாற்றியது. கூடுதலாக வந்த 115 ரூபாயில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்பதை அந்தப் பின்னணியில்தான் யோசிக்கவேண்டும்.

லண்டனில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவன் கவுண்டருக்கு மறுபக்கம். மாதம் 40 பவுண்டு செலவு என்றால் அப்பா அதுவரை அனுப்பியது 533 ரூபாய். ஒரே இரவில் 840. லண்டனில் அறை வாடகை ஏறவில்லை, பஸ் கட்டணம் ஏறவில்லை. ஏறியதெல்லாம் தஞ்சாவூரிலோ மதுரையிலோ இருந்த அப்பாவின் தலையில்.

எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாகப் படுவது மூன்றாவது ஆள், துபாய்க் கடைக்காரர். அவர் இந்தியர்கூட இல்லை. இந்தியாவில் ஓட்டு இல்லை, இந்திய பட்ஜெட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கல்லாவில் இருப்பது 'இசட்' நோட்டு. சம மதிப்புக் கட்டு இருந்ததால் டெல்லி ரூபாயை இறக்கியதும் அவர் கல்லாவும் சேர்ந்து இறங்கியது. ஆயிரம் ரூபாயின் உலக மதிப்பு 210 டாலரிலிருந்து 133 டாலருக்கு. இனி ஜப்பான் ரேடியோவுக்கும் இங்கிலாந்து பிஸ்கட்டுக்கும் ரூபாயில் ஒன்றரை மடங்குக்கு மேல் எடுத்து வைக்கவேண்டும். வேறொருவர் பணத்தை நம்பி வாழ்வதன் விலை அது.

துபாயும் கத்தாரும் இதற்கு முன்பே சொந்த நோட்டுக்குத் திட்டமிட்டுவிட்டன. பொது நாணய வாரியம் அமைக்க அந்த மார்ச்சில்தான் ஒப்பந்தம். நோட்டு அச்சாகி வருவதற்குள் ஜூன் முந்திக்கொண்டது. இடைக்காலத்துக்கு சவுதி ரியாலைப் புழக்கத்தில் விட்டுச் சமாளித்து, செப்டம்பரில் கத்தார்-துபாய் ரியாலை வெளியிட்டார்கள். அபுதாபி பஹ்ரைன் தினாருக்குப் போனது. ஓமான் மட்டும் 1970 வரை ரூபாயோடு இருந்தது.

பிரிட்டிஷ்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. 1967 நவம்பரில் பவுண்டு 2.80 டாலரிலிருந்து 2.40-க்கு இறங்கியது. வளைகுடாவில் பவுண்டில் சம்பளம் வாங்கிய இங்கிலாந்துக்காரருக்கு நூறு பவுண்டுக்கு 1,333 கத்தார்-துபாய் ரியால் கிடைத்துவந்தது, இப்போது 1,143. இந்தியா பவுண்டோடு சேர்ந்து இறங்கவில்லை. அதனால் லண்டன் மாணவனின் அப்பாவுக்கு 840 ரூபாய் 720 ஆகக் குறைந்தது. பதினேழு மாதத்தில் ஒரே குடும்பத்துக்கு ஒரு இடி, ஒரு சின்ன ஆறுதல். இரண்டுமே அவர்கள் எடுத்த முடிவு இல்லை.

இனி நான் நாற்காலியை விட்டு எழுந்த இடம். கத்தார்-துபாய் ரியாலுக்கு என்ன மதிப்பு வைத்தார்கள் தெரியுமா? 0.186621 கிராம் தங்கம். இது 1966 ஜூனுக்கு முந்தைய இந்திய ரூபாயின் தங்க மதிப்பு, கடைசி இலக்கம் வரை அதேதான். 1973-இல் ஐக்கிய அரபு அமீரகம் திர்ஹாமைக் கொண்டுவந்தபோது துபாயில் ஒரு ரியாலுக்கு ஒரு திர்ஹாம், அபுதாபியில் பத்தில் ஒரு பஹ்ரைன் தினாருக்கு ஒரு திர்ஹாம் என்று மாற்றினார்கள். எந்த வழியில் போனாலும் பழைய ஒரு ரூபாயில் வந்து நிற்கிறது. அமீரகத்தில் இருக்கும் நம் ஆட்கள் தினமும் செல்போனில் பார்க்கும் ரேட் இருக்கிறதே, ஒரு திர்ஹாம் இருபது ரூபாய்க்கு மேல் என்று, அது ஒருவகையில் ரூபாய்க்கும் ரூபாய்க்கும் நடுவிலான ரேட். பிரிந்துபோன தம்பி பக்கத்து ஊரில் எப்படியிருக்கிறான் என்று பார்க்கிற மாதிரி. அந்தத் தம்பிக்கு எண்ணெய் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 66 நடக்காமல் இருந்திருந்தால் இன்று ஒன்றுக்கு ஒன்று இருந்திருக்கும் என்று யாராவது வாட்ஸப்பில் கிளப்பினால் நம்பாதீர்கள்.

மறுபடி 2013-க்கு வருகிறேன். அந்த வாரம் நானே இந்த இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். எனக்குச் சம்பளம் சென்னையில் ரூபாயாக விழும், மனாமாவில் தினப்படி மட்டும் தினாரில். மனைவியையும் மகளையும் பத்து நாள் கூட்டிவந்து சுற்றிக்காட்ட ஒரு லட்சம் ரூபாய் எடுத்து வைத்திருந்தேன். மே மாதம் திட்டம் போட்டபோது அது 690 தினார். ஆகஸ்ட் கடைசியில் 546. பத்து நாள் ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் மெனு கார்டில் எதைத் தொட்டாலும் மனசு 183-ஆல் பெருக்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பாட்டிலுக்குக்கூட. மகள் ஐஸ்கிரீம் கேட்டபோது நான் ஒரு நொடி தயங்கியது இன்னும் உறுத்துகிறது.

நான் சாப்பிட்ட மெஸ்ஸில் சமையல் பார்த்தவர் ராமநாதபுரம் பக்கம். மாதம் 60 தினார் வீட்டுக்கு அனுப்புவார். மே மாதம் 8,700 ரூபாய் ஆகியிருக்கும் தொகை, இப்போது 10,980. ஏஜென்டுக்குக் கொடுக்க ஊரில் மூணு வட்டிக்கு வாங்கிய கடன் பாக்கி. கடன் ரூபாயில், சம்பாத்தியம் தினாரில். எக்ஸ்சேஞ்ச் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர், சாம்பார் ஊற்றியபடியே, "ரூபா இன்னும் கொஞ்சம் விழட்டும் தம்பி, தீவாளிக்குள்ள கடன முடிச்சிருவேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. "அண்ணே, ஊர்ல வெங்காயம் அறுபதத் தாண்டியாச்சு" என்றேன். "வீட்லயும் போன்ல அதான் சொன்னா" என்றார். சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

டீக்கடைப் பெரியவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் கடைக்காரரிடம் விசாரிப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தவர், தன் வயசுக்காரர்கள் பலரையும்போல நன்றாக ஹிந்தி பேசினார். சின்ன வயசில் அப்பாவோடு பம்பாய்க்குப் போனதுண்டாம். உங்கள் ஊரில் இப்போது ஒரு ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். ரொம்ப நேரம் யோசித்தும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். "தீப்பெட்டி" என்றேன். "அது போதுமே, அடுப்புப் பற்றவைக்கலாம்" என்று சிரித்துவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டே நடந்தார். 2021 டிசம்பரில் தீப்பெட்டியும் இரண்டு ரூபாய் ஆகிவிட்டது.