கல்யாண கேசட்டும் கோபுரத்தின் உயரமும்

மதுரையிலும் சூழவுள்ள சிற்றூர்களிலும் ‘கல்யாண கேசட்’ என்ற பெயரோடு அலமாரியில் உறங்கும் வி.எச்.எஸ். நாடாக்கள் ஏராளம். மறைந்துபோன பெரியவர்கள் நடந்தும் சிரித்தும் எஞ்சியிருப்பது பல வீடுகளில் அவற்றில் மட்டுமே. நாடாவோ நைந்து வருகிறது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 சூலையில் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்திய பின்னர், ஓட்டிப் பார்க்கும் ‘டெக்’கும் அரிதாகிவிட்டது. ஆகவே இவற்றைக் கணினிக்கு மாற்றுகிறோம். ஏடு பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழை போல, இம்மாற்றத்திலும் இரு பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. இரண்டையும் அறியத் தொலைக்காட்சியின் வரலாற்றைச் சற்றே புரட்டவேண்டும்.

முதலாவது, படத்தின் வடிவம். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் 1890களில் வகுத்த 35 மி.மீ. படச்சுருளின் சட்டம், அகலம் 4, உயரம் 3 என்னும் விகிதம் உடையது. தொலைக்காட்சியும் பின்னர் அதனையே மேற்கொண்டது. 1959இல் தில்லியில் தொடங்கி, 1975இல் சென்னையை எட்டி, 1982இல் வண்ணம் பெற்ற நம் தூர்தர்ஷனும் அவ்விகிதமே. வீட்டு விசேடங்களைப் பிடித்த கேமராக்களும் அவ்வாறே. இன்றைய திரைகளோ 16க்கு 9. பழைய படத்தைத் திரை நிறைய இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு மிகும். சுமார் 170 அடி உயர்ந்து நிற்கும் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் பருத்துக் குட்டையாகும், மணமக்களும் அங்ஙனமே. இழுக்காமல் மேலும் கீழும் வெட்டினால், உயரத்தில் கால் பங்கு போய்க் கலசங்கள் மறையும். இருபுறமும் கரும்பட்டை விட்டு வைப்பதே நேர்மை. இன்னொன்றும் உண்டு: கணினியில் ஏறும் படம் பெரும்பாலும் 720க்கு 576 புள்ளிகள். அது 4க்கு 3 அன்றே என மயங்கவேண்டா, அப்புள்ளிகள் சதுரமல்ல. சதுரமாக்கினால் 768க்கு 576 ஆகும்.

இரண்டாவது, வரிப்பின்னல். 1936இல் லண்டனில் பி.பி.சி. இரு முறைகளைச் சோதித்தது. பெயர்டின் முறை, 240 வரிகளை ஒருசேர, நொடிக்கு 25 முறை வரைந்தது, படம் துடித்தது. மார்க்கோனி-இ.எம்.ஐ. முறையோ 405 வரிகளில் ஒற்றைப்படை வரிகளை முதலிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்தும் வரைந்தது. நொடிக்கு 50 அரைப்படங்கள். அலைவரிசைச் செலவு கூடாமலே துடிப்பு அடங்கியது. மறு ஆண்டே பெயர்டின் முறை கைவிடப்பட்டது. 625 வரிகள் கொண்ட நம் ‘பால்’ முறையும் இவ்வழியே வந்தது.

ஆகவே நாடாவின் ஒரு சட்டத்தில் ஒரு கணமன்று, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரு கணங்கள் உள்ளன. இரண்டையும் ஒன்றாகக் காட்டும் கணினித் திரையில், வைகையில் இறங்கும் அழகரின் குதிரை வாகனம் அசையுந்தோறும் விளிம்பில் சீப்புப் பற்கள் தோன்றும். இதைப் போக்க ஓர் அரைப்படத்தை எறிந்துவிடுவோர் பலர். 576 வரிகள் 288 ஆகின்றன; அசைவிலும் பாதி போகிறது. ஒவ்வோர் அரைப்படத்தையும் முழுப்படமாக விரித்து, நொடிக்கு 50 எனப் பெறுவதே தக்கது. அரைப்படங்களின் வரிசை மாறினால் அசைவு முன்னும் பின்னும் உதறும், அதையும் சரிபார்க்கவேண்டும்.

எதைச் செய்யினும், நாடாவிலிருந்து முதலில் எடுத்த பதிவை வரிப்பின்னலோடு அப்படியே காத்து வைப்போம். திருத்தமெல்லாம் அதன் படியில்தான். நாடா மறுமுறை ஓடும் என்பதற்கு உறுதியில்லை.