எறவாரத்துப் பலகை

போன ஆடியில எங்க தாத்தா கட்டின ஓட்டு வீட்டை இடிச்சிடலாம்னு ஏறக்குறைய முடிவே பண்ணிட்டோம். மேகமலை அடிவாரத்துல மேல்காத்தும் சாரலும் சேர்ந்து அடிச்சதுல, மேற்கு எறவாரத்துக் கைமர நுனியெல்லாம் உளுத்துப் போச்சு.

ஆசாரி ஏணி போட்டுப் பாத்துட்டு, "வீட்டுக்கு ஒண்ணுமில்லண்ணே, ஓரத்துப் பலகைதான் போச்சு"ன்னார்.

அந்தப் பலகைக்கு ஒரு வரலாறு இருக்கு. முந்தி எங்க பக்கம் கூரை வீடும் நாட்டு ஓட்டு வீடும்தான். பனங்கை, மேல மூங்கில், அதுக்கு மேல கையால செஞ்ச ஓடு. நுனி ஏறுக்கு மாறா நீட்டிக்கிட்டு இருக்கும். பலகை அடிக்க நேர்கோடே கிடைக்காது. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது. ஒரே அளவு, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓடு. அது ஊர் ஊராகப் பரவ, கூரை ஓரமும் நேரானது. பலகையும் வந்தது.

அதை அழகுக்குன்னு நினைக்கிறோம். மரம் பக்கவாட்டைவிட வெட்டுவாயிலதான் தண்ணி அதிகம் குடிக்கும். அந்த வாயை மூடுறதுதான் பலகையோட முதல் வேலை. ரீப்பரைவிட ஓர் ஓட்டுக் கனம் தூக்கி அடிச்சா, கடைசி வரிசை ஓடும் தலை தொங்காது.

உளுத்ததை வெட்டி, புதுக் கட்டை சேர்த்து, பலகை அடிச்சோம். வீடு நிக்குது.

உங்க ஊர் ஓட்டு வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி, எறவாரத்தை ஒருதடவை அண்ணாந்து பாருங்க.