ஹோவர்ட் ஸ்டான்டன்: ஆடாத ஓர் ஆட்டத்தின் வரலாறு

இன்று பன்னாட்டுச் சதுரங்கப் போட்டிகளில் பயன்படும் காய்களின் வடிவம் ஹோவர்ட் ஸ்டான்டனின் பெயரைத் தாங்குகிறது. ஆனால் அதை வடிவமைத்தவர் அவரல்லர். 1849இல் நத்தானியேல் குக் பதிவுசெய்த வடிவத்தை அவர் தம் பத்தியில் பரிந்துரைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் வாழ்வைப் பற்றிய நம் அறிவிலும் இத்தகைய ஒட்டல்கள் உண்டு.

1843இல் பாரிசில் பிரெஞ்சு ஆட்டக்காரர் சேன்-அமானை 11 வெற்றி, 6 தோல்வி, 4 சமநிலை என்ற கணக்கில் வென்று ஐரோப்பாவின் முதன்மை ஆட்டக்காரராக அவர் மதிக்கப்பட்டார். அவர் நடத்திய ‘செஸ் பிளேயர்ஸ் கிரானிக்கிள்’ இதழுக்கு டெல்லியிலிருந்து ‘ஷாகிர்த்’ (மாணவன்) என்ற புனைபெயரில் ஒரு புதிர் வந்தது. அனுப்பியவர் பாதிரியார் ஹென்றி லவ்டே. 1845இல் வெளியான அது ‘இந்தியப் புதிர்’ என்றே இன்றும் வழங்குகிறது. 1847இல் அவரது சதுரங்கக் கையேடு வெளிவந்தது. 1851இல் லண்டனில் முதல் பன்னாட்டுப் போட்டியை முன்னின்று நடத்திய அவர், அதில் நான்காம் இடமே பெற்றார்; வென்றவர் ஜெர்மனியின் ஆண்டர்சன்.

1858இல் 21 வயது அமெரிக்கர் பால் மார்பி அவரோடு மோதவே இங்கிலாந்து வந்தார். ஆட்டம் நடக்கவில்லை. ஸ்டான்டன் அஞ்சி ஒதுங்கினார் என்பதே பரவலான தீர்ப்பு. இத்தீர்ப்பு பெரிதும் எதன் மேல் நிற்கிறது? மார்பியின் உதவியாளர் ஃபிரடரிக் எட்ஜ் 1859இல் எழுதிய நூலின் மேல். வழக்கில் ஒரு தரப்பினரின் சாட்சியம் அது.

மறுதரப்புச் சான்றோ நூலக அடுக்குகளிலேயே உள்ளது. அப்போது ஸ்டான்டன் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்துக்கொண்டிருந்தார். 1857 முதல் 1860 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அப்பதிப்புக்குப் பாடபேதங்களை ஒப்பிட்டு, குறிப்பெழுதி, தவணை தவறாமல் அச்சுக்கு அனுப்ப வேண்டும். பதிப்புப் பணியில் ஈடுபட்ட எவருக்கும் அச்சுமை விளங்கும்.

எனினும் அவரை முழுதும் விடுவிக்க இயலாது. அதே ஆண்டு ஆகஸ்டில் பர்மிங்காம் போட்டியில் அவர் ஆடினார். தொடக்கத்திலேயே ‘இயலாது’ என்று தெளிவாகக் கூறாமல், ஒரு இளைஞரைப் பல மாதங்கள் காக்க வைத்தார். அச்சம் என்பது ஊகம். காக்க வைத்தது நிகழ்வு. இரண்டையும் பிரித்தறிவதே வரலாற்றாய்வின் முதல் பாடம்.

1874 ஜூன் 22இல் அவர் மறைந்தபோதும் ஒரு சதுரங்க நூல் முற்றுப்பெறாமல் கிடந்தது. வேறொருவர் அதை நிறைவுசெய்து 1876இல் வெளியிட்டார். ஒரு மனிதரின் முப்பதாண்டு எழுத்துப்பணியை அவர் ஆடாத ஒரே ஆட்டம் மறைத்துவிட்டது. நம் ஆய்வேடுகளிலும் ஒற்றைச் சாட்சியத்தை நம்பி நாம் இத்தகைய தீர்ப்புகளை எத்தனை முறை எழுதியிருக்கிறோம்?