உடனிருப்பவரும் செவிலியர் குழுவும்: தென்காசி வட்டாரத்தில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குழந்தைப் பராமரிப்பு

அறுவை சிகிச்சை முடிந்த குழந்தையின் அருகே தாய் இருக்கலாம் என்பது பிரிட்டனில் நெடுங்காலம் வாதாடிப் பெற்ற உரிமை. கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் நிக்கோல், பத்தாண்டுகளில் குழந்தைகளுக்குச் செய்த 8,988 வெளிநோயாளி அறுவை சிகிச்சைகளைப் பற்றி 1909-இல் எழுதினார். அந்தக் குழந்தைகள் தாயின் கவனிப்பில் வீட்டிலேயே தேறினார்கள். செவிலியர்கள் வீடு சென்று பார்த்தார்கள். ஆயினும் பார்வை நேரக் கெடுபிடி தளரவில்லை. பெற்றோர் தடையின்றி வந்துபோகலாம், தாயையும் உடன் தங்க வைக்கலாம் என்று அரசுக் குழுவான பிளாட் குழு பரிந்துரைத்தது 1959-இல்தான்.

தமிழகத்தின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. இங்கே குழந்தை வார்டிலிருந்து தாயை யாரும் விலக்கவில்லை. கஞ்சி ஊட்டுவது, கழிப்பறைக்குத் தூக்கிச் செல்வது, டிரிப் தீர்ந்ததும் ஓடிப்போய்ச் சொல்வது என்று பணிவிடையில் பெரும்பகுதி உடனிருப்பவர் கையில்தான் இருக்கிறது. அவருக்கு வேலை உண்டு, பயிற்சி இல்லை. பொறுப்பு உண்டு, குழுவில் இடம் இல்லை. ஆகவே, இங்கு தேவைப்படுவது அனுமதியன்று, அங்கீகாரம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குழுச் செவிலியம் என்ற முறைக்கு 1950-களில் அமெரிக்காவில் உருக்கொடுத்தவர் எலினோர் லாம்பர்ட்சன். தகுதி பெற்ற செவிலியர் ஒருவர் தலைமையில், பயிற்சி அளவில் வேறுபட்ட பலர் சேர்ந்து ஒரு பகுதி நோயாளிகளைக் கவனிப்பது அதன் அமைப்பு. வேலையைப் பங்கிடுவது அதில் எளிய பகுதி. குழுவினர் கூடி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசுவதுதான் உயிர்நாடி. அந்தப் பேச்சில் குடும்பத்தைச் சேர்ப்பது எப்படி என்பதே நம் கேள்வி.

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியில் ‘குடும்பம்’ என்றால் தாய் மட்டுமல்ல. பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வார்டில் உட்கார்ந்த நாளுக்கு வருமானம் இல்லை. ஜூன் முதல் குற்றாலத்தில் சீசன். அதை நம்பிக் கடை போட்டவர்கள் கடையை அடைத்துவிட்டு வர முடியாது. எனவே பகலில் அம்மா, இரவில் ஆச்சி, நடுவில் சித்தி என்று ஆள் மாறுகிறது. காலையில் அம்மாவிடம் சொன்ன அறிவுரை இரவில் ஆச்சிக்குத் தெரிவதில்லை. செவிலியர்களைப் போலவே குடும்பமும் ஷிப்டு முறையில்தான் இயங்குகிறது. ஆனால், பணி ஒப்படைப்பு ஒரு தரப்புக்கு மட்டுமே இருக்கிறது.

இதற்கு மூன்று மாற்றங்கள் போதும். ஒன்று, ஷிப்டு மாறும்போது நடக்கும் ஒப்படைப்பு குழந்தையின் படுக்கையருகே, அப்போது உடனிருப்பவர் கேட்கும்படி நடக்க வேண்டும். இரண்டு, வலி, காய்ச்சல், சிறுநீர், காயக்கட்டில் கசிவு ஆகியவற்றைக் குறிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தும் பட அட்டை ஒன்று படுக்கையில் தொங்க வேண்டும். மூன்று, டிஸ்சார்ஜ் செய்தி கிராம சுகாதாரச் செவிலியருக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய அறுவை சிகிச்சைக்குத் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்த் திரும்பும் குழந்தைக்கு இது இன்னும் அவசியம். தையல் ஆறுமுன் அருவியில் குளிக்க வைக்கலாமா என்ற கேள்வி எழுவது வீட்டில்தான். அங்கே பதில் சொல்ல ஆள் வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசல்வரை போகும் பாதையை ஏற்கெனவே போட்டிருக்கிறது.

காலிப் பணியிடங்களை நிரப்பாமலிருக்க இது சாக்காகிவிடாதா என்ற மறுப்பு நியாயமானது. குழுச் செவிலியமே ஆள் பற்றாக்குறைக் காலத்தில் வளர்ந்த முறைதான். எனவே எல்லை தெளிவாக வேண்டும். மயக்கம் தெளியும் நேரத்தில் மூச்சைக் கண்காணிப்பது, எடைக்கேற்ப மருந்தளவைக் கணிப்பது, ஊசி மருந்து செலுத்துவது ஆகியவை எந்நாளும் செவிலியர் பணி. குடும்பம் கவனித்துச் சொல்லும், முடிவெடுப்பது செவிலியர்.

பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குடும்பப் பங்கேற்புக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வெளியிட்டது. அதே நெறியைக் குழந்தை அறுவை சிகிச்சை வார்டுகளுக்கும் தமிழக அரசு விரிக்க வேண்டும். புதிய மாவட்டமான தென்காசி அதற்கு முதற்களமாகத் தகுந்தது.